ஊர்வலம் நகரட்டுமா, கேமரா நகரட்டுமா? பிரேசில் கார்னிவலைப் படமாக்கும் வழிகள்

பிரேசில் கார்னிவலின் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஈஸ்டர் ஞாயிறிலிருந்து 47 நாள் பின்னோக்கி எண்ணினால் வருவதுதான் கார்னிவல் செவ்வாய்: 2027-இல் பிப்ரவரி 9, 2028-இல் பிப்ரவரி 29. அதை ஒட்டிய நான்கைந்து நாளைத் தவறவிட்டால் ஒரு வருடம் போயிற்று. அதனால் எந்த ஊர், எந்த முறை, யாருடைய அனுமதி என்பதெல்லாம் முந்தைய ஆகஸ்டிலேயே முடிவாகிவிட வேண்டும். டிசம்பரில் யோசிக்கத் தொடங்குபவர்களுக்குக் கிடைப்பது சுற்றுலாப் பயணியின் வீடியோதான், கேமரா எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும்.

வழிகள் நான்கு. ரியோ டி ஜெனிரோவின் சம்பா பள்ளிகள் (பெயரில்தான் பள்ளி; உண்மையில் ஊரின் பகுதிகளைச் சார்ந்த ஆடல்-பாடல் மன்றங்கள்) போட்டியிடும் சபுக்காயி அவென்யூவில் எடுக்கலாம். ரியோவிலோ வடகிழக்கு நகரங்களான சல்வடோர், ஒலிண்டாவிலோ தெருக்களில் கூட்டத்துக்குள் இறங்கலாம். விழா முடிந்தபின் ஆட்களைத் திரட்டி மறுபடி நடத்தி எடுக்கலாம். அல்லது கொண்டாட்டத்தைத் தொடாமல், அதற்காக மாதக்கணக்கில் நடக்கும் வேலையை மட்டும் எடுக்கலாம். செலவுக் கணக்குக்குப் போகும் முன் ஒரு கேள்வியைப் போட்டுப் பார்த்தால் பாதி குழப்பம் தீரும்: இங்கே நகர்வது யார்? அவென்யூவில் ஊர்வலம் நகரும், கேமரா நகர முடியாது. சல்வடோரில் இரண்டும் நகரும். ஒலிண்டாவில் இரண்டுமே நகராது. செட்டில் நீங்கள் சொன்னால் எல்லாம் நிற்கும். நிற்பதுதான் அங்கே சிக்கலும்.

சபுக்காயி அவென்யூ

சம்போட்ரோமு என்று அழைக்கப்படும் இந்த இடத்தை வடிவமைத்தவர் ஆஸ்கார் நீமேயர், திறக்கப்பட்டது 1984-இல். நீளம் சுமார் 700 மீட்டர், ஊர்வலப் பாதையின் அகலம் சுமார் 13 மீட்டர். முதன்மைப் பிரிவில் 12 பள்ளிகள். 2025 முதல் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என மூன்று இரவுகளில் நான்கு நான்காக வருகின்றன. அதற்கு முன் இரண்டே இரவு, ஓர் இரவுக்கு ஆறு பள்ளி. பழைய கணக்கை வைத்துக்கொண்டு படக்குழுவுக்கு இரண்டு நாள் சம்பளம் மட்டும் எழுதி வைக்காதீர்கள்.

வெளியூர்க்காரர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு: சம்பா பள்ளி ஒரு கதை சொல்லிக்கொண்டு வருகிறது. அதற்கு 'என்ரேடு' என்று பெயர். முன்னால் வரும் நடனக்குழு கதையைத் திறக்கும். பிறகு ஒவ்வோர் அணியின் உடையும் ஒவ்வொரு வாக்கியம். இடையில் வரும் அலங்கார வண்டிகள் அத்தியாயத் தலைப்பு. ஏறத்தாழ மூவாயிரம் பேர் இந்த வரிசையில் நடக்கிறார்கள். ஊர்வலமே தொகுத்து முடித்த ஒரு படச்சுருள். ஓரிடத்தில் நின்றால் முழுக் கதையும் உங்கள் முன் ஓடிக் கடக்கும். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு வண்டியின் கூடவே ஓடினால் உங்களிடம் மிஞ்சுவது ஒரே ஒரு வாக்கியம். 'உயிரோட்டம் வேண்டும்' என்று ஸ்டெடிகேமோடு (நடந்தபடி குலுங்காமல் எடுக்க உடலில் கட்டும் கருவி) உள்ளே நுழையத் துடிக்கும் இயக்குநரிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

உள்ளே நுழைவதும் சுலபமில்லை. பள்ளிகளுக்கு ஒன்பது அம்சங்களில் மதிப்பெண் விழும். வித்தியாசம் பத்தில் ஒரு பங்குப் புள்ளிகளில் தீர்மானமாகும். அணிகளுக்கிடையே பள்ளம் விழுந்தால் புள்ளி போகும், நேரம் தவறினாலும் போகும். ஒரு வருட உழைப்பை ஒரு கேமராமேனின் முதுகு கெடுக்க எந்தப் பள்ளியும் விடாது. முதன்மைப் பிரிவின் ஒளிபரப்பு உரிமை நீண்ட காலமாகக் குளோபு தொலைக்காட்சியிடம் இருக்கிறது. பள்ளிகளின் கூட்டமைப்பான லியேசாவின் ஒப்புதல் இல்லாமல் பாதையில் கால் வைக்க முடியாது. செய்திக்காகக் கிடைக்கும் அடையாள அட்டையை வைத்துக் கதைப்படம் எடுக்கலாம் என்று நினைப்பது பின்னால் விநியோகத்தில் மாட்டிவிடும்.

பாதுகாப்பும் இதில் அடங்கும். பெரும்பாலான அலங்கார வண்டிகள் பழைய பேருந்து, லாரிகளின் அடிச்சட்டத்தின் மேல் கட்டியவை. ஓட்டுபவருக்கு முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது. சுற்றி நடப்பவர்களின் கையசைப்பை நம்பித்தான் வண்டி நகரும். 2017-இல் ஒரு வண்டி கட்டுப்பாடு இழந்து ஆட்களை வேலியோடு நசுக்கியது; இருபது பேர் அளவில் காயமடைந்தார்கள், அவர்களில் ஒரு பத்திரிகையாளர் பின்னர் இறந்தார். வண்டிக்கும் வேலிக்கும் நடுவில் எந்தச் சூழ்நிலையிலும் நிற்கக் கூடாது, வியூஃபைண்டரில் கண்ணை வைத்திருக்கும்போது கட்டாயமாக. ஒளிப்பதிவாளரின் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்க மட்டுமே ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே அவென்யூவை எடுப்பதென்றால் இரண்டு நிலையான இடம் போதும். ஒன்று உயரத்தில், ஊர்வலத்தின் நீளம் தெரியும்படி. மற்றொன்று தரைமட்டப் பெட்டி இருக்கைகளில், 11-ஆம் செக்டார் அருகே. அங்கேதான் 'ரெக்குவோ' என்ற பக்கவாட்டுக் குடைவு இருக்கிறது. பாத்தேரியா எனப்படும் தாளக்குழு, இருநூற்றைம்பது பேருக்கு மேலும் இருக்கும், அதற்குள் திரும்பி நின்று மற்ற அணிகளை முன்னே விட்டுத் தொடர்ந்து வாசிக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் ஊர்வலத்தில் முகங்கள் நின்று கிடைக்கும் அபூர்வ இடம் அது.

இந்தியக் குழுக்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பிரேசிலில் 60. விநாடிக்கு 24 ஃபிரேமுக்கு 172.8 டிகிரி ஷட்டர் (1/50 விநாடி) வைத்துப் பழகிய கை அங்கேயும் தானாக அதையே வைக்கும். 60 ஹெர்ட்ஸ் விளக்கு விநாடிக்கு 120 முறை துடிக்கிறது. ஷட்டர் 1/60 விநாடி திறந்திருந்தால் சரியாக இரண்டு துடிப்பு உள்ளே விழும். 24 ஃபிரேம் என்றால் 144 டிகிரி, 25 என்றால் 150. அதிகம் அடிபடுவது 25-இல் எடுப்பவர்கள்: 120-ஐ 25 மீதியில்லாமல் வகுக்காது, ஷட்டர் தவறினால் படம் மூச்சு வாங்குவதுபோல் மங்கியும் பிரகாசித்தும் வரும். வண்டிகளில் ஒட்டிய எல்இடி பட்டைகளின் துடிப்பு வேறு கணக்கு. முதல் வண்டி வரும்போதே மானிட்டரைப் பார்த்து ஷட்டரை நுணுக்கமாகத் திருத்த வேண்டியதுதான். லேசர் பாய்ச்சும் இடங்களில் லென்ஸைத் திருப்பிவிடுங்கள். சென்சாரில் ஒரு கோடு எரிந்தால் அது நிரந்தரம்.

சேமிப்பு: 4கே புரோரெஸ் 422 எச்க்யூ என்ற உயர்தரக் கோப்பு வடிவத்தில் 24 ஃபிரேம் என்றால் மணிக்கு ஏறத்தாழ 318 ஜிபி. 80 நிமிட ஊர்வலத்துக்கு ஒரு கேமராவுக்கு 425 ஜிபி. நான்கு பள்ளி, இரண்டு கேமரா, ஓர் இரவு, கிட்டத்தட்ட 3.4 டிபி. விடியற்காலை வந்து அதை இரண்டு பிரதியாக எடுத்து முடிக்கும்போது அடுத்த இரவு வந்துவிடும். நகலெடுக்கத் தனி ஆள் இல்லாத குழு மூன்றாம் இரவில் கார்டு தீர்ந்து நிற்கும்.

இரண்டு பள்ளிகளுக்கு இடைவெளியில் ஆரஞ்சு உடைத் துப்புரவுப் பணியாளர்கள் பாதையைப் பெருக்கிக்கொண்டு வருவார்கள். 1997-இல் அவர்களில் ஒருவர் துடைப்பத்தோடு சம்பா ஆடி நாடறிந்தவரானார்; ரெனாட்டு சொஹிசு என்ற அந்தப் பெயர் 2012 லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழா வரை போயிற்று. இடைவேளை என்று கேமராவை அணைத்துவிடாதீர்கள்.

போட்டி முடிந்த அடுத்த சனிக்கிழமை, முதல் ஆறு இடம் பிடித்த பள்ளிகள் மறுபடி அதே அவென்யூவில் வருகின்றன. நடுவர்கள் இல்லை, பதற்றம் இல்லை, ஆட்டக்காரர்கள் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். கதைப்படத்துக்கு இது கடவுள் தந்த இரண்டாவது டேக். உடைகளில் இறகு உதிர்ந்திருக்கும். அண்மைக் காட்சிகளில் தொடர்ச்சி இடிக்கும் என்பது மட்டும்தான் குறை.

ஒலி: எல்லா வழிகளையும் பிரித்துக் காட்டும் சல்லடை

படம் நன்றாக வந்து ஒலி செத்துப்போன கார்னிவல் காட்சிகள்தான் உலகத்தில் அதிகம். காரணம் எளிய கணக்கு. ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். அவென்யூவின் ஒரு முனையில் அடித்த சுர்டு என்ற பெரிய மேளத்தின் முழக்கம் மறுமுனைக்குப் போக இரண்டு விநாடி. இன்றைய ஊர்வல சம்பா நிமிடத்துக்கு 140-ஐ ஒட்டி ஓடுகிறது என்றால், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 0.43 விநாடிதான். நூறு மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு மைக்குகளுக்குள் 0.3 விநாடி வித்தியாசம் விழுகிறது. அதாவது முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒலிவண்டியிலிருந்து பாடகர் குரல் ஒருபக்கம், பாதை நெடுக இருக்கும் ஒலிபெருக்கிகள் இன்னொருபக்கம், ஆடுபவர்களின் வாய் மூன்றாவது பக்கம். இரண்டு கேமராவின் ஒலியையும் எடிட்டில் கலந்தால் தாளம் நொண்டும். டைம்கோட் (கருவிகளை ஒத்திசைக்கும் நேரக்குறி) சரியாக இருந்தாலும் நொண்டும். பிழை கடிகாரத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது.

வேலை செய்யும் முறை இது. ஒலியை ஊர்வலத்துக்கு முன்பே தனியாகப் பிடித்துவிடுங்கள். பள்ளிகள் தங்கள் பகுதியில் தெருவில் ஒத்திகை பார்க்கும். ஜனவரியிலிருந்து சம்போட்ரோமுவிலேயே தொழில்நுட்ப ஒத்திகைகள் நடக்கும், பார்வையாளருக்குக் கட்டணம் இல்லை. பள்ளியின் சொந்த அரங்கான 'குவாட்ரா'வில் பதிவு செய்யாதீர்கள்: தகரக் கூரையும் கான்கிரீட் சுவரும் கெய்ஷா மேளத்தின் நுண்ணிய உருட்டலை ஒரே இரைச்சலாக்கிவிடும். திறந்த தெரு ஒத்திகையே நல்லது. 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர், அதிக அழுத்தம் தாங்கும் டைனமிக் மைக் நான்கு: ஒன்று பெரிய சுர்டுகளுக்கு, ஒன்று கெய்ஷாவுக்கு, ஒன்று முன்வரிசையின் தம்போரிம், குய்க்கா, ஷொக்கால்யு என்ற சிறு கருவிகள் பக்கம், ஒன்று தலைவர் விசில் ஊதும் இடத்தில். தாளம் திடீரென நின்று மறுபடி பாயும் 'பரடீன்யா' இடங்களை மட்டும் மூன்று முறையாவது பிடியுங்கள். எடிட்டில் வெட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. மொத்தக் குழுவுக்கும் காதடைப்பான் கட்டாயம்.

அடுத்தது உரிமை. ஒவ்வொரு பள்ளியும் வருடத்துக்கு ஒரு புதிய பாடல் எடுக்கிறது. பலர் சேர்ந்து எழுதிய பாடல்களே அதிகம். பொதுவெளியில் இசைப்பதற்கான தொகையை வசூலிப்பது ஈக்காடு என்ற அமைப்பு. படத்தோடு பாடலை ஒட்டும் உரிமையை அது தராது; ஆசிரியர்களிடமும் பதிப்பகத்திடமும் தனித்தனியாக வாங்க வேண்டும். பின்னணியில் இருபது விநாடி கேட்டாலும் சரி. பணம் இல்லாதவர்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது: பிரேசிலில் ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 70 ஆண்டுக்குப் பிறகு பாடல் பொதுச்சொத்து. 1899-இல் ரோசா டி ஓரு என்ற குழுவுக்காக ஷிக்கின்யா கொன்சாகா எழுதிய 'ஓ அப்ரே ஆலாஸ்' கார்னிவலின் மூத்த பாடல்களில் ஒன்று. அவர் இறந்தது 1935-இல். பாடலை இன்று யாரும் பயன்படுத்தலாம். ஆனால் பழைய இசைத்தட்டைத் தூக்கிப் போடாதீர்கள், பதிவுக்குத் தனி உரிமை உண்டு. தெருக்குழு ஒன்றைக்கொண்டு புதிதாக வாசித்துப் பதிவு செய்யுங்கள்.

தெருவில் இறங்கினால்

ரியோவின் தெருக்குழுக்கள், 'பிளோக்கு'கள், சுருக்கமாகச் சொன்னால் மலிவானவை, எடுப்பதற்குச் சிரமமானவை. 1918-இல் தொடங்கிய போலா பிரேட்டா போன்ற பெரிய குழுவின் நடுவில் மனிதக் கடலைத் தவிர எதுவும் தெரியாது. சான்டா தெரசா மலைத்தெருக்களின் சிறிய குழுக்கள் காலை ஏழு மணிக்கே கிளம்பும்போது ஒளியும் நன்றாக இருக்கும், இடமும் இருக்கும். ட்ரோன் எண்ணம் வருமானால்: சம்மதம் தராத மனிதர்களிடமிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளியே பறக்க வேண்டும் என்பது பிரேசில் விதி. கார்னிவல் தெருவில் சம்மதக் கடிதம் வாங்கி முடியாது. எனவே ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு மூன்றாம் மாடி ஜன்னல் ஒன்றைப் பேசிப் பிடியுங்கள்.

சல்வடோர் முற்றிலும் வேறு உயிரினம். 1950-இல் டோடோ, ஒஸ்மார் என்ற இருவர் பழைய ஃபோர்டு காரில் மின்கருவிகளைக் கட்டித் தெருவில் ஓட்டியதில் தொடங்கியது ட்ரியோ எலெத்ரிக்கு; இன்று அது பாடகரையும் ஒலிபெருக்கிச் சுவர்களையும் சுமக்கும் ராட்சத லாரி. கடற்கரை வழியான பாஹா–ஒண்டினா பாதை சுமார் நான்கு கிலோமீட்டர். கடக்கப் பல மணி நேரம். இங்கே அவென்யூவின் ஒலிச் சிக்கல் இல்லை, ஒலி எங்கிருந்து வருகிறது என்பதில் சந்தேகமே கிடையாது. ஆனால் லாரிக்கு இருபது மீட்டருக்குள் எந்தப் பேச்சையும் பதிவு செய்ய முடியாது.

கேமரா எங்கே நிற்கிறது என்பது இங்கே அரசியல். லாரியைச் சுற்றி ஒரு கயிறு. உள்ளே, பணம் கட்டி 'அபாடா' சட்டை வாங்கியவர்கள். வெளியே, சும்மா ஆடுபவர்கள்; அவர்களுக்குப் பெயர் 'பாப்கார்ன்'. நடுவில் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மணிக்கணக்கில் நடக்கும் கூலியாட்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவர், ஏழைகள். லாரியின் உச்சியிலிருந்து எடுத்தால் இது வண்ணமயமான ஒரே கூட்டமாகத் தெரியும். கயிற்றின் உயரத்திலிருந்து எடுத்தால் ஊரின் கதையே தெரியும். சல்வடோருக்குப் போகிறவர்கள் லாரி உச்சிக்கு அலையாமல் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. கைக்கு அடக்கமான கேமரா, 24 அல்லது 28 மிமீ லென்ஸ், இடுப்பில் கட்டிய பை. பின்னால் முட்டுக்கொடுக்க ஒருவர், பக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர். ட்ரைபாடு கொண்டுபோனால் அது தடியாகத்தான் பயன்படும்.

இந்த இரைச்சலிலிருந்து ஒதுங்கினால் சல்வடோரில் வேறு இரண்டு தருணம் உண்டு. குருசு பகுதியிலிருந்து சனிக்கிழமை இரவு இலே அயே குழு புறப்படும்போது வெண்புறாக்களைப் பறக்கவிடும் சடங்கு. 1974-இல் தொடங்கிய அந்தக் குழு கறுப்பினப் பெருமையின் அடையாளம். இன்னொன்று ஃபில்யூஸ் டி காந்தி, 'காந்தியின் புதல்வர்கள்'. மகாத்மா கொல்லப்பட்ட மறு வருடம், 1949-இல், துறைமுகச் சுமைத் தொழிலாளர்கள் அவர் பெயரில் தொடங்கியது. ஆயிரக்கணக்கான ஆண்கள் வெள்ளை உடை, தலைப்பாகை, நீல-வெள்ளை மணிமாலையோடு, வாசனைத் தண்ணீர் தெளித்துக்கொண்டு, ஆப்பிரிக்க வழிபாட்டிலிருந்து வந்த இஜேஷா தாளத்தில் மெல்ல நடக்கிறார்கள். பேரைக் கேட்டதும் இந்தியக் குழுக்கள் ஓடிப்போய் எடுக்கும். எடுத்ததில் பாதி வெளுத்துப் போய்விடும். உச்சி வெயிலில் வெள்ளைத் துணிக்கும் கரிய சருமத்துக்கும் இடையே நான்கு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியில் இரு மடங்கு) வரை வேறுபாடு வரலாம். தானியங்கி அளவீடு வெள்ளையைச் சாம்பலாக்கி முகத்தை இருட்டாக்கும். முகத்துக்கு ஏற்றினால் துணி வெடிக்கும். அதிக வெளிச்சமான இடத்தைக் காட்டும் சீப்ரா கோட்டை 95-இல் வைத்து வெள்ளையைக் காப்பாற்றுங்கள். ஒளி-நிழல் விவரத்தைக் கூடுதலாகக் காக்கும் லாக் முறையில் எடுத்து முகத்தைப் பின்னால் தூக்குங்கள். இதைவிட நல்லது, பழைய நகரப் பகுதியான பெலோரின்யுவின் நிழல் விழுந்த சந்துகளில் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் நிற்பது.

ஒலிண்டாவின் சரிவான, குறுகிய கற்தெருக்களில் கூட்டம் இறுகிவிட்டால் அரைமணிக்கு யாரும் நகர முடியாது. மூன்று மீட்டருக்கு மேல் உயரமான ராட்சதப் பொம்மைகள்தான் தலைகளுக்கு மேலே தெரியும் ஒரே நகர்வு. நள்ளிரவு மனிதன் என்ற பழைய பொம்மை 1932-லிருந்து சனிக்கிழமை நள்ளிரவில் கிளம்புகிறது. வீட்டுக்காரர்கள் கார்னிவலுக்கு வீட்டையே வாடகைக்கு விடும் ஊர் இது. மாடியும் வாசலும் உள்ள வீடு ஒன்றை மாதங்களுக்கு முன்பே பிடித்தால் உங்கள் ஸ்டுடியோ தயார், ஊர்வலம் வாசலுக்கு வரும். பக்கத்து ரெசிஃபியின் காலு டா மத்ருகாடா சனிக்கிழமைக் கூட்டம் அளவில் மலைக்கவைக்கும், படத்தில் ஒரே மாதிரி இருக்கும். இந்தப் பக்கத்தின் வேகமான ஃப்ரேவு நடனம் எடுப்பதென்றால் கேமரா முழங்கால் உயரத்தில் இருக்கட்டும். ஆட்டக்காரர் குந்திய நிலையிலிருந்து துள்ளி எழுவார். கண் உயரத்தில் நின்றால் பாதி நடனம் சட்டகத்துக்கு வெளியே போகும். 1/48 ஷட்டரில் கால்கள் கரைந்துவிடும், வெயிலில் 1/120 வையுங்கள்.

மறுபடி நடத்தி எடுத்தால்

சினிமா இந்த வழியைத்தான் அதிகம் நாடியிருக்கிறது. பிரேசிலின் சொந்தப் படங்கள் 1930-களிலேயே தொடங்கின. 1933-இல் சினேடியா நிறுவனத்தின் 'எ வோஸ் டு கர்னவால்' தெருவில் பிடித்த காட்சிகளையும் ஸ்டுடியோ காட்சிகளையும் கலந்தது. பிறகு வந்த 'ஷன்ஷாடா' இசை நகைச்சுவைகள், குறிப்பாக 1941-இல் தொடங்கிய அட்லாண்டிடா நிறுவனத்தின் படங்கள், ஊர்வலத்தைத் தொடவே இல்லை என்று சொல்லலாம். வானொலிப் பாடகர்களை ஓர் அட்டைச் செட்டின் முன் நிறுத்தி வரப்போகும் கார்னிவலின் பாடல்களைப் பாடவைத்தார்கள். ஒஸ்கரீட்டு, கிராண்ஜி ஒட்டெலு இருவரும் சிரிக்கவைத்தார்கள். விமர்சகர்கள் ஏளனம் செய்த அந்த மலிவான முறைதான் சிறு குழுவுக்கு இன்றும் பாடம்: பாடலை எடுத்தால் கூட்டம் வேண்டாம்.

1942-இல் ஹாலிவுட் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் நிஜம், செட் இரண்டையும் செய்து பார்த்தார். பிப்ரவரியில் உண்மையான கார்னிவலை டெக்னிகலரிலும் கறுப்பு-வெள்ளையிலும் எடுத்தார். ஒளி போதாமல் ராணுவத்தின் தேடுவிளக்குகளை வாங்கி வைத்தார். அந்தக் காட்சிகளில் முகம் இல்லை, தொடர்ச்சி இல்லை என்று தெரிந்ததும் சினேடியா ஸ்டுடியோவில் பிராசா ஓன்சி சதுக்கத்தையே கட்டி மாதக்கணக்கில் மறுபடி எடுத்தார். 1932-இல் முதல் சம்பா பள்ளிப் போட்டி நடந்த அந்தச் சதுக்கம் அப்போதே அகலச் சாலைக்காக இடிபடும் நிலையில் இருந்தது. படத்தை ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. நிறுவனம் முடிக்கவிடவில்லை. ஆனாலும் அவர் கண்ட வேலைமுறை சரி: பரந்த காட்சிக்கு நிஜம், முகத்துக்குச் செட்.

கிரேக்கப் புராண ஓர்ஃபியஸை ரியோ கார்னிவலில் வைத்த ஒரு பிரேசில் நாடகத்திலிருந்து பிரெஞ்சு இயக்குநர் மார்செல் காமு எடுத்த 'ஓர்ஃபெ நெக்ரு' 1959-இல் கான் விழாவின் முதல் பரிசையும் பின்னர் ஆஸ்காரையும் வென்றது. வெளிநாட்டார் கண்ணில் பிரேசிலைப் பதித்ததும் அதுதான். பிரேசிலில் அதற்கு எதிர்ப்பு இருந்தது: மலைக்குடிசை வாழ்க்கை விடியும்வரை ஓயாத விருந்து போல வருகிறது என்று. அதே நாடகத்தை 1999-இல் பிரேசில் இயக்குநர் காக்கா ஜியேகிஸ் மறுபடி எடுத்தபோது வேறு வழி கண்டார். விராடோரு பள்ளி 1998 கார்னிவலில் அதே ஓர்ஃபியஸையே தன் கதையாக எடுத்து வந்தது. படத்தின் ஊர்வலக் காட்சிகள் அந்த உண்மையான ஊர்வலத்தில் பிடிக்கப்பட்டவை. பள்ளியின் கதையும் படத்தின் கதையும் ஒன்றாக இருந்தால் மூவாயிரம் பேரின் உடை, வண்டி, பாடல் எல்லாம் உங்கள் கலை இயக்கத்துக்கு இலவசமாக வந்து சேரும். ஒரு வருடத்துக்கு முன் பள்ளியோடு உட்கார்ந்து பேச முடிந்தவர்களுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. பெரும்பாலான தயாரிப்பாளர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

பள்ளி இல்லாமல் நீங்களே நடத்தினால் கவனிக்க வேண்டியவை சில. துணை நடிகர்களுக்குப் புது உடை தைக்காதீர்கள். ஏதாவது ஒரு பள்ளியின் ஓர் அணியை, அறுபது எழுபது பேரை, அவர்களது உடையோடேயே அமர்த்துங்கள். அவர்களுக்குப் பாடலும் தெரியும், வரிசையும் தெரியும். கார்னிவல் முடிந்த சில வாரங்களில் உடைகள் பிரிக்கப்பட்டு இறகும் மணியும் சிறிய பள்ளிகளுக்குப் போய்விடும். மார்ச்சுக்குள் எடுத்தால்தான் உண்டு. ஆடிக்கொண்டே வசனம் பேசும் காட்சிக்குப் பாடலை ஓடவிட்டால் வசனம் கெடும், நிறுத்தினால் ஆட்டம் சாகும். 40 ஹெர்ட்ஸை ஒட்டிய அடித்துடிப்பை மட்டும் பெரிய சப்வூஃபரில் ஓடவிடுங்கள். காலில் அதிர்வாகப் படும், பின்னர் வசனத்திலிருந்து வடிகட்டி எடுத்துவிடலாம். இருபது டேக்குக்குப் பிறகு வியர்வையைத் தெளிப்பான் கொண்டு வரவழைக்கலாம். ஐந்து மணிநேரம் பாடிய தொண்டையின் கரகரப்பை வரவழைக்க முடியாது, அதைப் பிப்ரவரியிலேயே பதிவு செய்து வைக்க வேண்டும்.

பட்டறை

மூன்று பேர் கொண்ட ஆவணப்படக் குழு கேட்டால் பதில் தயக்கமின்றி இதுதான். ரியோ துறைமுகப் பகுதியில் சம்பா நகரம் என்ற வளாகம் இருக்கிறது. முதன்மைப் பிரிவுப் பள்ளிகளின் பட்டறைகள் அங்கே. வெல்டர், தச்சர், தெர்மோகோல் செதுக்குபவர், உடை ஒட்டுபவர் என்று செப்டம்பரிலிருந்து வேலை ஏறிக்கொண்டே போகும். அசையும் ராட்சத உருவங்களின் பின்னால் பெரும்பாலும் அமேசான் நடுவிலுள்ள பரிண்டின்ஸ் தீவுக் கலைஞர்கள் இருப்பார்கள். தங்கள் ஊரின் ஜூன் மாதக் காளைத் திருவிழாவில் கற்ற கையோடு இங்கே வருகிறார்கள். அந்த ஒரே தகவலுக்குள் ஒரு முழுப் படம் இருக்கிறது.

பள்ளிகள் அஞ்சுவது ரகசியம் கசிவதற்கு. ஊர்வலத்துக்கு முன் ஒரு சட்டகம்கூட வெளியாகாது என்று எழுதிக் கொடுங்கள். சொன்னபடி நடந்தால் அடுத்தடுத்த கதவுகள் திறக்கும். செதுக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். தெர்மோகோல் தூள் நிலைமின்சாரத்தோடு பறந்து சென்சாரில் ஒட்டும், ஊதினாலும் போகாது. குளிரூட்டிய அறையிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போனால் பிப்ரவரி ஈரத்தில் லென்ஸ் அரைமணி நேரம் மூடுபனியாகவே இருக்கும். பையை மூடியபடி முன்கூட்டியே வெளியில் வையுங்கள். ரெசினும் பெயின்டும் நிறைந்த இடம் என்பதை மறக்க வேண்டாம்: 2011 பிப்ரவரியில், கார்னிவலுக்கு ஒரு மாதம் இருக்கையில், அங்கே பிடித்த தீ மூன்று பள்ளிகளின் உழைப்பை எரித்தது. சூடாகும் விளக்குகளைக் கொண்டுபோகாதீர்கள்.

கொண்டாட்டத்தைக் காட்டாமலே கார்னிவலைக் காட்டலாம் என்பதற்கு மார்செலு கோமிஸின் 2019 ஆவணப்படம் சான்று. வடகிழக்கு மாநிலமான பெர்னம்புக்குவின் தொரிட்டாமா என்ற ஜீன்ஸ் தைக்கும் சிற்றூர் மக்கள் வருடம் முழுவதும் ஓயாமல் தைத்து, கார்னிவலுக்குக் கடற்கரை போகக் குளிர்சாதனப் பெட்டியைக்கூட விற்பதைக் காட்டும் படம் அது.

வெளிநாட்டுக் குழு எந்த வழியில் போனாலும் ஒரு பிரேசில் தயாரிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுத் திரைப்பட ஆணையமான அன்சினியிடம் பதிவு செய்தாக வேண்டும். விசா, கருவிகளின் சுங்கம் எல்லாம் அந்தக் காகிதத்தைப் பின்பற்றியே நகரும். நல்ல உள்ளூர் நிறுவனங்கள் அக்டோபருக்குள் ஒப்பந்தமாகிவிடும்.

சிறு குழுவின் நாட்காட்டியைத் தோராயமாகப் போட்டால்: செப்டம்பர், அக்டோபரில் பள்ளி தன் பாடலைத் தேர்ந்தெடுக்கும் போட்டி இரவுகள், டிசம்பரிலிருந்து பட்டறை, ஜனவரியில் தெரு ஒத்திகையில் ஒலி. ஊர்வல இரவில் அவென்யூவுக்குள் போக வேண்டாம். பிரசிடெண்டி வர்காஸ் சாலையில் பள்ளிகள் அணிவகுக்கும் இடத்தில் நில்லுங்கள். அதன் ஒரு பக்கத்துக்கு அங்கேயுள்ள பழைய கட்டடத்தை வைத்து 'ஆடும், ஆனால் விழாது' என்றே பெயர். ஐந்து மாதம் நீங்கள் எடுத்த வெல்டர் தன் வண்டியைத் தொட்டுப் பார்த்து உள்ளே அனுப்புவது அங்கேதான். கார்னிவல் செவ்வாய்க்கு மறுநாளான சாம்பல் புதனன்று மதிப்பெண்களைப் பத்தில் ஒரு பங்காக வாசிக்கும் நிகழ்ச்சிக்கு எல்லாக் கேமராக்களும் போயிருக்கும். அந்த நேரத்துக்கு ஒரு காலி கார்டும் முழு பேட்டரியும் ஒதுக்கி வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். வெல்டர் எந்தத் தொலைக்காட்சிப் பெட்டி முன் உட்காருவார் என்று முந்தின வாரமே கேட்டு வைத்து, திரையை விட்டுவிட்டு அவர் பக்கம் லென்ஸைத் திருப்புங்கள்.